கடலுக்காக வாதாடிய தொரப்பள்ளி வக்கீல்

ஓசூருக்குப் பக்கத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. அந்த ஊர் முனிசீப்பின் மகனாக 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்தவர் ராஜாஜி. அப்போது அது சேலம் ஜில்லா. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம்.

ஓசூரிலும் பெங்களூரிலும் படித்தார். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். காந்தியடிகளைப் பின்பற்றித் தொழிலை விட்டார், சிறை சென்றார், பின்னாளில் கவர்னர் ஜெனரல் ஆனார். இவை வாசகர்கள் அறிந்தவையே. முதுமையில் அவர் எடுத்துக்கொண்ட ஒரு வழக்கு மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1954-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. வெகு தொலைவில் மீன்பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் வெண்சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தனர். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். அந்தக் கடலில் பிடித்த மீனை ஜப்பானியர் டன் கணக்கில் வீசி எறிந்தார்கள். மீனை நம்பி வாழும் நாடு அது!

அடுத்த மாதம்தான் ராஜாஜி சென்னை முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஓய்வெடுக்கும் வயது. அவரோ அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து எழுதவும் பேசவும் முற்பட்டார். வெடிப்பது ஒரு நாடு. காற்றிலும் கடலிலும் பரவும் விஷத்தை ஏற்பது ஒரு பாவமும் அறியாத வேறு நாட்டு மக்கள். இது என்ன நியாயம்? வக்கீல் புத்தி அல்லவா, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

1962 செப்டம்பரில், 83-வது வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவுடன் அமெரிக்கா சென்றார். அவர் மேல்நாட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை. பசிபிக்கில் அப்போதும் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடியைக் கண்டு, சோதனைகளை நிறுத்தும்படி வாதாடினார். 45 வயது ஜனாதிபதி, குறித்த நேரம் கடந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறு ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காற்று வெளியிலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் சோதனை கூடாது என்பது அதன் ஷரத்து. பெருமை முழுவதையும் ராஜாஜிக்கே கொடுத்துவிட முடியாது. கியூபா நெருக்கடி மூட்டிய பயத்துக்கும் அதில் பங்கு உண்டு. பிரான்ஸ் கையெழுத்திடவே இல்லை. 1966 முதல் 1974 வரை அதே பசிபிக்கின் வான்வெளியில் குண்டு வெடித்தது.

1972 டிசம்பர் 25-ந் தேதி ராஜாஜி மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அந்த ஊர்த் தென்பெண்ணை, கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தோன்றி, பெங்களூரின் சாக்கடை நீரையும் ஆலைக் கழிவையும் சுமந்து வருகிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால், பஞ்சுப்பொதி போல் நுரை எழும்புகிறது, துர்நாற்றம் வீசுகிறது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சித்தான் ஓசூர்ப் பக்கத்து விவசாயிகள் பயிர் செய்கிறார்கள்.