அவர் சொல்லாமல் விட்டிருந்தால்

நம் சங்கச் செயலாளர் இம்மலருக்கு என் அனுபவங்களைக் கேட்டபோது, என் கதையில் என்ன சார் இருக்கு, வேற யாரையாவது பாருங்க என்று தட்டிக்கழித்தேன். அன்றிரவு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். அவரும் ஒரு கல்லூரித் தமிழாசிரியர்தானே!

உத்தமதானபுரத்துக்காரர்; 1855-இல் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1880-இல் தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் கல்லூரியில் அமர்ந்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அவர் பதிப்பித்த நூல்களை நம் மாணவர்களும் அறிவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் தொடங்கியபோது அவருக்கு 85 வயது ஆகப்போகிறது. அந்த வயதில் எதற்கு இந்தச் சிரமம் என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தம் பெருமையை மட்டும் எழுதவுமில்லை. சேலம் இராமசுவாமி முதலியாரிடம், தாம் படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியாரோ அசரவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். கல்லூரிப் பண்டிதர் அந்த நூலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! இதை அவர் மறைத்திருந்தால் நமக்கு யார் சொல்லப்போகிறார்கள்? 1887-இல் வந்த சிந்தாமணிப் பதிப்புக்கு வித்து அன்று பட்ட வெட்கம்தான்.

சிறுவயதில் பாடம் சொன்ன அரியலூர்ச் சடகோப ஐயங்காரையும், ஊர் ஊராக ஆதரித்தவர்களையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். அவர்களில் பலர் இன்றும் வாழ்வது அந்தப் புத்தகத்தில்தான்.

ஆனால் கதை முடியவில்லை. 1942 ஏப்ரல் 28-இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். சரித்திரம் 122 அத்தியாயங்களோடு, 1890-களின் இறுதியிலேயே நின்றுவிட்டது. மாநிலக் கல்லூரி நாட்களை அந்த நூலில் நாம் படிக்க முடியாது.

இதை நினைத்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. என் மனைவியிடம்கூடச் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். 1971-இல் மூன்று மாதம் என்னால் மெஸ் பணம் கட்ட முடியவில்லை. சமையற்காரர் ஒருவர் தினமும் ராத்திரி பின்கட்டில் உட்காரவைத்து எனக்குச் சோறு போட்டார். அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பெயரைக் கேட்டதே இல்லை. அக்காலத்து விடுதி நண்பர்கள் யாருக்காவது அவர் பெயர் ஞாபகமிருந்தால், மதியச் சாப்பாட்டின்போது தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள்.