நடுக்குவாதத்தை நடந்து கண்டுபிடித்தவர்

ஆண்டு மலர் என்றால் எடிசன், ஜேம்ஸ் வாட், விஸ்வேஸ்வரய்யா என்று எழுதுவதுதான் நம் வழக்கம். இந்த முறை நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். பாலிடெக்னிக் மலரில் டாக்டருக்கு என்ன வேலை என்கிறீர்களா? ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே, வண்டி ஓடுகிற லட்சணத்தைப் பார்த்துப் பழுதைச் சொல்லிவிடும் பழைய மெக்கானிக்குகள் நம் ஊரில் உண்டல்லவா? இந்த மனிதர் அந்த ரகம்.

பெயர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1755 ஏப்ரல் 11 அன்று லண்டனை ஒட்டிய ஹாக்ஸ்டனில் பிறந்தார். அப்பா ஜானும் மருத்துவர். தச்சர் மகன் அப்பாவிடமே உளி பிடிக்கப் பழகுவது போல, ஜேம்ஸும் அப்பாவிடமே தொழில் கற்றார். 1784-ல் அறுவை மருத்துவராகத் தொழில் செய்ய அங்கீகாரம் கிடைத்தது. அதற்குப் பிறகும் மனுஷன் படிப்பை விடவில்லை. அடுத்த வருஷமே ஜான் ஹன்டர் என்ற பேர்பெற்ற அறுவை நிபுணரின் வகுப்புகளில் போய் உட்கார்ந்து, சுருக்கெழுத்தில் குறிப்பு எடுத்தார். சுருக்கெழுத்து தெரியாத மருத்துவ மாணவன் படிக்கவே லாயக்கில்லை என்பது அவர் கட்சி!

அரசியலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சி நடந்து கொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் சொத்து இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. லண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டி என்ற சங்கத்தில் சேர்ந்து, ஓல்டு ஹூபர்ட் என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதித் தள்ளினார். 1794-ல் வந்தது வினை. நாடகக் கொட்டகையில் காற்றுத் துப்பாக்கி வழியாக விஷ அம்பு எய்து மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்லச் சதி என்று சங்கத்துக்காரர்கள் சிலரைப் பிடித்தார்கள். பார்க்கின்சனைப் பிரதமர் பிட் இருந்த பிரிவி கவுன்சில் முன்னால் நிறுத்தி விசாரித்தார்கள். ராஜத் துரோகம் என்று முடிவானால் தூக்குதான். அவரோ பயந்து பின்வாங்காமல், ஓல்டு ஹூபர்ட் தான்தான் என்று ஒப்புக்கொண்டார். தோழர்களுக்குச் சாதகமாகவே பேசினார். அந்த வழக்கு கடைசியில் நிற்கவில்லை.

கல்லாய்ப் போன பழைய உயிர்களைச் சேகரிப்பதிலும் அவருக்குப் பைத்தியம். 1804, 1808, 1811 என்று அதற்காகவே மூன்று தொகுதி புத்தகம் போட்டார். 1807-ல் லண்டன் புவியியல் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் இவரும் ஒருவர். விட்டால் இதையே எழுதிக்கொண்டு போகலாம். நான் சொல்ல வந்தது 1817-ஐ.

அப்போது அவருக்கு 62 வயது. அந்த வருஷம் 66 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். நடுக்குவாதம் பற்றிய கட்டுரை. மொத்தம் 6 நோயாளிகள்தான் அதில். அந்த ஆறு பேரில் இரண்டு பேரைத் தெருவில் போகும்போது தற்செயலாகப் பார்த்து, நிறுத்தி விசாரித்திருக்கிறார். ஒருவர் மாஜிஸ்திரேட் அலுவலகத்தில் ஏவலாளாக இருந்தவர். இன்னொருவர் ஸ்பெயின் சிறையில் ஈரத் தரையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த பழைய மாலுமி. மூன்றாவதாக ஒருவரிடம் பேசக்கூட இல்லை, தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. அந்த ஆள் நடக்க ஆரம்பிப்பதே பெரும்பாடு. உதவியாளர் எதிரே நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொள்வார். இவர் முன்னும் பின்னுமாக ஆடி ஆடி நிலைக்கு வருவார். சொல் கொடுத்ததும் குடுகுடுவென்று ஓட்டம்! உதவியாளர் விலகி முன்னால் ஓடி, சுமார் இருபது அடி வைத்ததும் விழாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அதுவரை நடுக்கம் தனி, கூன் தனி, தள்ளாட்டம் தனி என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரே நோயின் படிகள், பல வருஷம் மெதுவாக ஏறும் படிகள் என்று கோத்துக் காட்டியது இவர்தான். மலச்சிக்கல், வாயில் ஒழுகும் எச்சில், கெட்டுப்போகும் தூக்கம் எதையும் விடவில்லை.

நம்ம மெஷின் லோடு ஏறினால்தான் அதிரும். இந்த நோயாளியின் கை நேர்மாறு. மடியில் சும்மா கிடக்கும்போது வினாடிக்கு 4 முதல் 6 தடவை ஆடும். டம்ளரை எடுக்கப் போனால் பெரும்பாலும் அடங்கும். இதையும் கவனித்து எழுதி வைத்தார்.

எங்கள் பெரிய தாத்தா ஃபிட்டராக இருந்தவர். மைக்ரோமீட்டர் பிடித்த கை. இந்த நோய் வந்த பிறகு எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது, முகத்தில் சிரிப்பு ஏறவில்லை. டவுன் பஸ்ஸில் சில்லறை எடுக்கத் தாமதமானதற்கு, பின்னால் நின்ற ஒருவர் காலையிலேயே குடித்துவிட்டு வந்துட்டான் என்று ஏசினார். தாத்தாவுக்கு அது அட்சரம் பிசகாமல் காதில் விழுந்தது. பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அந்த ஆள் இறங்கியே போய்விட்டார். உள்ளே அறிவு கெடவில்லை என்று பார்க்கின்சன் 1817-லேயே எழுதியதைப் படித்தபோது எனக்குத் தாத்தா முகம்தான் நினைவு வந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரியில்லைதான். மனச்சோர்வு இந்த நோயிலேயே உண்டு, சிலருக்கு நாளடைவில் மறதியும் வரும் என்று இப்போது தெரியும். ஆனாலும் கை ஆடுகிறவனுக்குப் புத்தியும் ஆடும் என்று நினைக்கிற நம்ம ஜனங்களைவிட, அந்த மனிதர் எவ்வளவோ மேல்!

வைத்தியத்தில் அவர் கோட்டை விட்டார். கழுத்தில் ரத்தம் எடுக்கச் சொன்னார். பழுது கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதியில் என்று ஊகித்தார். ஆனால் அது ஊகம்தான் என்று தானே சொல்லி, பிணத்தை அறுத்துப் பார்க்கும் வசதி உள்ளவர்கள் தேடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தேட நூறு வருஷம் ஆனது. பாரீஸ் டாக்டர் ஷார்கோ இதற்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்தார். இதில் தசை பலம் போவதில்லை, சிலருக்கு நடுக்கமே இருப்பதில்லை, அதனால் நடுக்குவாதம் என்ற பெயர் பொருந்தாது என்பது அவர் வாதம். 1919-ல் ட்ரெட்டியாகோஃப் என்பவர் பழுதான இடத்தைச் சுட்டிக்காட்டினார். நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் சிறு பகுதி, சப்ஸ்டான்ஷியா நைக்ரா. அங்குள்ள செல்கள் டோபமின் என்ற பொருளைச் சுரந்து அசைவுக்கு உத்தரவு போக உதவுகின்றன. அவை செத்துக்கொண்டே போனால் மோட்டார் நன்றாயிருக்கும், வயரிங் இருக்கும், ஸ்டார்ட்டர்தான் ஏமாற்றும். 1960-களில் லெவோடோபா மருந்து வந்தது. மூளைக்குள் போய் டோபமினாக மாறும். நோயைக் குணப்படுத்தாது, ஆனால் எழுந்து நடக்க வைக்கும். நம்ம வேலியில் படரும் பூனைக்காலி விதையில் இந்த லெவோடோபா இருப்பதை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்காக யாரும் விதையை அரைத்துத் தாத்தாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அளவு தப்பினால் ஆபத்து!

ஏப்ரல் 11-ஐ இப்போது உலகப் பார்க்கின்சன் நாளாக அனுசரிக்கிறார்கள். அவர் படம் வேண்டும் என்று மலர்க்குழு கேட்டது. கிடைக்காது. தாடியோடு ஒரு புகைப்படம் அவர் பெயரில் பல இடத்தில் உலவுகிறது, அது வேறு யாரோ. இவர் பக்கவாதம் வந்து 1824 டிசம்பர் 21 அன்று இறந்துவிட்டார். மனித முகத்தைக் காமிராவில் பிடிக்கும் வித்தை வந்ததே அதற்கப்புறம்தான்.