கூலிமில் உருவாகும் சொகுசு எஸ்யூவி: ஃபெர்டினான்ட் போர்ஷே யார்? கெடா தோட்டங்களுக்கும் அவர் காலத்துக்கும் என்ன தொடர்பு?

கெடா மாநிலத்தில் பாடாங் செராயிலிருந்து கூலிம் பக்கம் போகும் பாதையில் நீங்கள் போயிருந்தால், ஒரு காலத்தில் இரு பக்கமும் கித்தா மரங்கள் வரிசை வரிசையாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இன்று அங்கே செம்பனையும் தொழிற்சாலைகளும்தான் அதிகம்.

அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்று, பாடாங் மேஹா பகுதியில் உள்ள இனோகோம் கார் ஆலை. 2022-ஆம் ஆண்டு இங்குதான் போர்ஷே நிறுவனத்தின் கயென் எஸ்யூவி மலேசியச் சந்தைக்காகப் பொருத்தப்படத் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே கார் ஒன்று பொருத்தப்பட்டது அதுவே முதல் முறை. அறிமுக விலை சுமார் 5 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட். வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதி செய்த வண்டியைவிட இது ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் மலிவு என்று அப்போது பேசப்பட்டது.

இதில் போர்ஷேயின் கூட்டாளி சைம் டார்பி. இந்தப் பெயர் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. 1910-இல் மலாக்காவில் ரப்பர் தோட்டங்களைக் கவனிக்கும் நிறுவனமாகத் தொடங்கியதுதான் அது.

சரி, காரின் மூக்கில் ஒட்டியிருக்கும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார்? அவருடைய வாழ்க்கையை நாம ஏன் தெரிஞ்சுக்கணும்? பார்ப்போம்.

தகர வேலைக்காரர் மகன்

ஃபெர்டினான்ட் போர்ஷே 1875 செப்டம்பர் 3-ஆம் தேதி, பொஹீமியாவில் உள்ள மாஃபர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்தது. இன்று செக் குடியரசில் இருக்கிறது. அப்பா தகர வேலை செய்யும் பட்டறை வைத்திருந்தார். மகனும் அதே தொழிலுக்கு வருவான் என்பதுதான் அவருடைய எண்ணம்.

மகனுக்கோ மின்சாரத்தின் மேல் பைத்தியம். பகலில் பட்டறை வேலை, இரவில் பக்கத்து ஊர்த் தொழில்நுட்பப் பள்ளியில் படிப்பு. மின்விளக்கு பலருக்குப் புதுமையாக இருந்த காலத்தில், தன் வீட்டுக்கே மின்சார இணைப்பை அமைத்துவிட்டார். பதினெட்டு வயதில் வியன்னாவுக்குப் போய் ஒரு மின்சாதன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை முடிந்ததும் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்புகளில் பதிவு செய்யாமலே போய் உட்கார்ந்து பாடம் கேட்பாராம்.

அவர் பொறியியல் பட்டம் எதுவும் படித்து வாங்கியதில்லை. பின்னாளில் பெயருக்கு முன்னால் வந்த டாக்டர் பட்டம், பல்கலைக்கழகங்கள் மரியாதைக்காகக் கொடுத்தது.

ஹைபிரிட் கார் புதுசா?

இன்று ஹைபிரிட், மின்சாரக் கார் என்றெல்லாம் பேசுகிறோம். இவை நேற்று வந்தவை என்று நீங்கள் நினைத்தால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வியன்னாவில் லோனர் என்ற கோச்சு வண்டி நிறுவனத்துக்காக போர்ஷே ஒரு மின்சாரக் கார் செய்தார். அதில் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருந்தது. சங்கிலி, பல்சக்கரம் எதுவும் தேவையில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த வண்டி வைக்கப்பட்டபோது அவருக்கு வயது 24. அதே ஆண்டு, நான்கு சக்கரங்களிலும் மோட்டார் வைத்த வண்டி ஒன்றையும் இங்கிலாந்து வாடிக்கையாளர் ஒருவருக்காகச் செய்து கொடுத்தார்.

ஆனால் பேட்டரியின் எடை மிக அதிகம். அதற்கு அவர் கண்ட வழி, பெட்ரோல் எஞ்சினை வைத்து மின்சாரம் தயாரித்து, அந்த மின்சாரத்தால் சக்கரத்தைச் சுழற்றுவது. உலகின் முதல் ஹைபிரிட் கார்களில் ஒன்று இப்படித்தான் பிறந்தது.

உலகப் பொருளாதாரம் சரிந்தபோது

1906-இல் ஆஸ்ட்ரோ-டைம்லர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரானார். 1923-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போய் டைம்லரில் சேர்ந்தார். புகழ்பெற்ற மெர்சிடிஸ் பந்தய வண்டிகள் சில அங்கே அவர் கையால் உருவானவை. ஆனால் அவர் எந்த இடத்திலும் நிலைத்து நிற்கவில்லை. செலவு அதிகம் என்று நிர்வாகம் சொல்லும், இவர் கேட்கமாட்டார், கடைசியில் பிரிவார்கள். இது திரும்பத் திரும்ப நடந்தது.

1929-இல் ஆஸ்திரியாவின் ஸ்டையர் நிறுவனத்துக்கு மாறினார். அந்த ஆண்டுதான் உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. நிறுவனத்தின் பின்னால் இருந்த வங்கி சரிந்தது. சிறிது காலத்தில் அவர் வேலையும் போயிற்று.

அதே வீழ்ச்சி கெடாவையும் விட்டுவைக்கவில்லை. கார் விற்கவில்லை என்றால் டயர் விற்காது, டயர் விற்கவில்லை என்றால் ரப்பர் விலை நிற்காது. 1930 முதல் 1932 வரை மலாயாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பலர் பல ஆண்டுகள் பால் வெட்டியும் கையில் காசு இல்லாமல் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ போய் இறங்கினார்கள்.

ஒதுக்கப்பட்ட பங்காளி

வேலை இழந்த போர்ஷே 1931-இல் ஸ்டுட்கார்ட்டில் சொந்தமாக ஒரு வடிவமைப்பு அலுவலகம் தொடங்கினார். இன்றைய போர்ஷே நிறுவனத்தின் வேர் அதுதான். அதில் அவரைத் தவிர இரண்டு பேருக்குப் பங்கு. ஒருவர் மருமகன் அன்டோன் பியெஹ். இன்னொருவர் அடோல்ஃப் ரோசன்பெர்கர். பந்தய ஓட்டுநரான ரோசன்பெர்கர்தான் தொடக்கத்தில் பணம் போட்டுக் கைகொடுத்தவர்.

ரோசன்பெர்கர் யூதர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1935-இல் ரோசன்பெர்கர் தன் பங்கை, அதன் உண்மையான மதிப்பைவிட மிகக் குறைந்த விலைக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு கைது செய்யப்பட்டு வதைமுகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்தபின் நாட்டைவிட்டுப் போய், கடைசியில் அமெரிக்காவில் வேறு பெயரில் வாழ்ந்து 1967-இல் இறந்தார். நிறுவனத்தின் கதையில் அவர் பெயர் பல ஆண்டுகள் பெரிதாகப் பேசப்படவே இல்லை.

மக்கள் கார் யாருக்குக் கிடைத்தது?

சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய சின்னக் கார் என்பது போர்ஷேயின் நீண்டநாள் கனவு. அந்தக் கனவுக்குப் பணம் கொடுத்தது நாஜி அரசு. 1934-இல் ஒப்பந்தம் ஆனது. போர்ஷே அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டின் ஆலைகளையும் பார்த்து வந்தார். 1937-இல் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார்.

1938 மே மாதம் புதிய ஆலைக்கு ஹிட்லர் அடிக்கல் நாட்டினார். விலை 990 ரைஷ்மார்க் என்று அறிவிக்கப்பட்டது. வாரத்துக்கு 5 மார்க் கட்டி, முத்திரை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். நம்ம ஊர் சீட்டு மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். போர் வந்தது, ஆலை ராணுவத்துக்கு மாறியது. பணம் கட்டியவர்களில் ஒருவர்கூட நாஜி ஆட்சி முடியும்வரை கார் வாங்கவில்லை.

ஆலையில் வேலை செய்தவர்கள் யார்?

இங்கேதான் இந்த வாழ்க்கையின் கனமான பகுதி வருகிறது.

போர்க்காலத்தில் ஃபோல்க்ஸ்வாகன் ஆலையை நடத்தியவர்களில் ஃபெர்டினான்ட் போர்ஷே முக்கியமானவர். டாங்கிகளும் வடிவமைத்தார். அந்த ஆலையில் மொத்தம் சுமார் 20 ஆயிரம் பேர் கட்டாய உழைப்புக்குத் தள்ளப்பட்டார்கள். போலந்து, சோவியத் நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் எல்லோரும் அதில் அடக்கம். ஆள் பற்றாக்குறை வந்தபோது, கைதிகளைத் தரும்படி மேலிடத்தில் கேட்டவர்களில் போர்ஷேயும் ஒருவர் என்பது வரலாற்றாய்வில் பதிவாகியிருக்கிறது.

கட்டாய உழைப்புக்கு வந்த பெண்களின் கைக்குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஒரு விடுதியில் வைக்கப்பட்டார்கள். அங்கே 300-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கவனிப்பின்றி இறந்தார்கள்.

போர்ஷே அரசியலில் ஆர்வமில்லாத, இயந்திரத்தை மட்டுமே நினைத்த மனிதர் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தன் ஆலையில் வேலை செய்பவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

அதே ஆண்டுகளில் கெடாவில் என்ன நடந்தது?

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. சில நாட்களிலேயே கெடா அவர்கள் கையில். ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் சம்பளம் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு.

அப்போதுதான் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைப் பார்த்து ஆட்கள் ஒளியத் தொடங்கியதும், லயத்துக்கு லாரியைக் கொண்டுவந்து பிடித்துப் போனார்கள்.

அவர்கள் போட்டது சயாம்–பர்மா ரயில் பாதை. நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75 ஆயிரம் பேர் போனதாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே செத்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை.

இதை போர்ஷே செய்யவில்லை. ஜெர்மனியில் நடந்ததும் சயாமில் நடந்ததும் வேறு வேறு அரசுகளின் குற்றங்கள். ஆனால் இரண்டும் ஒரே ஆண்டுகளில் நடந்தவை. இரண்டிலும் ஆள் வேண்டும் என்ற தேவைதான் முதலில் வந்தது. ஆளின் உயிர் அதற்குப் பின்னால்தான்.

சிறையும் கடைசி நாட்களும்

போர் முடிந்ததும், 1945 டிசம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் போர்ஷேயைக் கைது செய்தார்கள். ஏறக்குறைய 20 மாதங்கள் காவலில் இருந்தார். 1947 ஆகஸ்டில் பிணைத் தொகை கட்டி வெளியே வந்தார். பிறகு அந்த வழக்கில் அவர் மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பானது. ஆலையின் கட்டாய உழைப்புக்காக எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை.

அவர் இல்லாத நேரத்தில் மகன் ஃபெரி, ஆஸ்திரியாவில் ஒரு சிறிய இடத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1948-இல் போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் ஸ்போர்ட்ஸ் கார் 356 அங்கே உருவானது.

1950 நவம்பரில் ஃபெர்டினான்ட் போர்ஷே பழைய ஃபோல்க்ஸ்வாகன் ஆலையைப் பார்க்கப் போனார். அவர் வரைந்த சின்னக் கார் அப்போது ஆயிரக்கணக்கில் வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு பக்கவாதம் தாக்கியது. 1951 ஜனவரி 30-ஆம் தேதி, 75 வயதில் இறந்தார். கயென் எஸ்யூவி உலகுக்கு அறிமுகமானது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2002-இல்.

கணக்கு தீர்ந்ததா?

ஜெர்மனியில் இந்தக் கணக்கு மிகத் தாமதமாகத்தான் திறக்கப்பட்டது. 1998-இல் ஃபோல்க்ஸ்வாகன் நிறுவனம் உயிரோடு இருந்த முன்னாள் கட்டாயத் தொழிலாளர்களுக்காக ஒரு நிதி அமைத்தது. 2000-இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கி, 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்தன. போன உயிருக்கு அது ஈடாகாது. ஆனால் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி அடையாளம் காணப்பட்டார்கள்.

மலேசியாவில்? 1967-இல் ஜப்பான் போர்க்காலப் பாதிப்புகளுக்காக அன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி வெள்ளிக்கு உடன்பட்டு, அதை இரண்டு கப்பல்களாகக் கொடுத்தது. அது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடந்த ஏற்பாடு. சயாமுக்குப் போய் ஒற்றைக் காலோடு திரும்பிய தோட்டக்காரர் வீட்டுக் கதவை அது தட்டவில்லை. மலேசியத் தமிழ் அமைப்புகள் இதைப் பற்றி இன்னும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அதற்காக கூலிம் ஆலையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் எழுந்த தொழிற்சாலைகள் கை நிறையச் சம்பளத்துக்கு ஒரு வழி. கார் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்வதிலும் தப்பில்லை.

ஒன்று மட்டும் செய்யலாம். உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால், அவர் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு போனார், திரும்பினாரா என்பதை, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஜெர்மனியில் ஐம்பது ஆண்டு கழித்தும் கணக்கைத் திறக்க முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே பெயர்கள் எழுத்தில் இருந்ததுதான்.