தோடர் மலையும் சலிவன் துரையும்

ஊட்டியில் கோல்ப் மைதானம் ஒன்று இருக்கிறது. சின்ன வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்துத் தூரத்துக் குழியில் விழவைக்கும் ஆட்டம் அது. மொத்தம் 18 குழிகள். இந்த ஆட்டத்துக்காகவே தாய்லாந்திலும் சீனாவிலும் பெரிய பெரிய ஓட்டல்கள் கட்டியிருக்கிறார்கள். பணக்காரர்கள் விமானம் ஏறிப் போகிறார்கள்.

உத்திரமேரூர் வெயிலில் வாடுகிறவர்கள் இன்று மாலையில் பஸ் ஏறினால், மறுநாள் ஊட்டிக் குளிரில் இறங்கிவிடலாம். 1819-ல் அந்த மலைக்குச் சரியான பாதைகூடக் கிடையாது. அந்த ஆண்டுதான் கோவை கலெக்டர் ஜான் சலிவன் மேலே ஏறினார்.

லண்டனில் 1788-ல் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே கம்பெனி வேலைக்கு வந்தார். மலைக்குளிர் அவரை மயக்கிவிட்டது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போட்டார். ஊட்டியில் கல் பங்களா கட்டினார். உருளைக்கிழங்கு பயிரிட்டார். ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். இன்று படகு விடுகிறார்களே, அதே ஏரிதான்!

எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார். கொள்ளை மலிவு! ஆனாலும் விலை கொடுத்தார் அல்லவா? நிலம் தோடருடையது, அவர்களைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். கவர்னர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. 1830-ல் ஊட்டியை மலபார் ஜில்லாவுடன் சேர்த்துவிட்டார்கள். மலை சலிவன் கையைவிட்டுப் போயிற்று.

மனைவி ஹென்ரியட்டாவையும் மகளையும் ஊட்டி மண்ணிலேயே புதைத்தார். 1841-ல் வேலையை விட்டு இங்கிலாந்து திரும்பினார். இந்தியரை இந்தியரே ஆளவேண்டும் என்று அங்கே வாதாடினார். 1855-ல் காலமானார்.

அதற்குப் பின் சுமார் 40 ஆண்டுகள் கழித்து, தோடர் எருமைகள் மேய்ந்த வென்லாக் புல்வெளியில் கோல்ப் குழிகள் தோண்டப்பட்டன.