மெல்ல ஒலித்த மேதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

உரக்கப் பேசுபவரையே உலகம் திரும்பிப் பார்க்கிறது. மெல்லப் பேசியே உலகைத் தம் பக்கம் திருப்பியவர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர், போலந்து நாடு ஈன்ற பியானோ மேதை பிரடெரிக் ஷோப்பின்.

அறிவியல் மாணவனுக்கு இசைக்கலைஞரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பியானோவை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால், ஆய்வுக்கூடத்தில் காசநோய்க் கிருமியின் படத்தை வரைந்த அன்று, இக்கிருமி யார் யாரை வாட்டியது என்று நூலகத்தில் தேடினேன். அப்போது அறிமுகமானவரே இவர்.

வார்சா நகருக்கு அருகே ஜெலசோவா வோலா என்னும் சிற்றூரில் 1810-ஆம் ஆண்டு ஷோப்பின் பிறந்தார். தந்தை பிரான்சிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர். தாய் போலந்துப் பெண்மணி. ஏழு வயதிலேயே அவர் இயற்றிய இசை அச்சேறியது. மகிழ்ச்சி நிறைந்த அவ்வீட்டில் 1827-இல் இடி விழுந்தது. தங்கை எமிலியா 14 வயதில் காசநோய்க்குப் பலியானாள்.

1829-இல் வியன்னாவில் ஷோப்பின் வாசித்தபோது, ஒலி போதவில்லை என்று சிலர் குறை கூறினர். அவர் தம் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. 1830 நவம்பரில் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டார். அதே மாதம் ரஷ்ய ஆட்சியை எதிர்த்து வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டு அது நசுக்கப்பட்டது. பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவே இல்லை.

பாரிஸ் அவருக்குப் புகலிடமாயிற்று. பியானோ கற்றுக்கொடுத்தும், இசை எழுதியும் வாழ்ந்தார். நண்பர்கள் கூடும் சிறு அறைகளே அவருக்குப் பிடித்தவை. கடைசி 18 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 முறைதான் பொது மேடை ஏறினார்.

1838-இல் உடல்நலம் நாடி, நாவலாசிரியை ஜார்ஜ் சாண்டுடனும் அவருடைய பிள்ளைகளுடனும் மயோர்க்கா தீவுக்குச் சென்றார். அங்கே நோய் முற்றியது. மூன்று மருத்துவர்கள் வந்து பார்த்தனர். நோயின் பெயர் வெளியே பரவியதும் வீட்டுக்காரர் அவர்களை வெளியேற்றினார். வால்டெமோசா என்னும் ஊரில், துறவிகள் விட்டுச் சென்ற பழைய மடத்தின் குளிர்ந்த அறைகளில் தங்கினர். அங்கே, இருமலுக்கு இடையே, 24 சிறு இசைப் படைப்புகள் கொண்ட தம் புகழ்பெற்ற தொகுப்பை அவர் முடித்தார். 1839-இல் திரும்பும் வழியில், பார்சிலோனாவில் அவர் படுத்த கட்டிலை எரிக்க வேண்டும் என்று சொல்லி அதற்கும் பணம் கேட்டனர். அம்மக்கள் அஞ்சியது தவறன்று. தொற்றும் நோயே அது. ஆயினும், நோயை விரட்டுவது வேறு, நோயாளியை விரட்டுவது வேறு அல்லவா?

1848 பிப்ரவரியில் பாரிசில் அவரது கடைசிக் கச்சேரி நடந்தது. பார்க்கரோல் என்னும் தம் படைப்பில், வலிமையாக ஒலிக்க வேண்டும் என்று தாமே குறித்திருந்த பகுதி வந்தது. விரல்களில் அந்த வலிமை இல்லை. என்ன செய்தார்? அப்பகுதியை மிக மிக மென்மையாக மாற்றி வாசித்தார். கேட்டவருள் ஓர் இசைக்கலைஞர், இதுவே முதலில் எழுதியதைவிட அழகோ என்று ஐயுற்றார். இயலாமையையும் இசையாக்கிய அந்த ஒரு நிமிடம்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அவ்வாண்டே இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் சென்றார். மாடிப்படி ஏற முடியாத அவரைப் பணியாளர் தூக்கிச் செல்ல நேர்ந்தது. உடல் எடை 45 கிலோவுக்கும் குறைவு. அந்நிலையிலும் நவம்பர் 16-ஆம் நாள் லண்டன் கில்டுஹால் மண்டபத்தில், போலந்து அகதிகளுக்கு நிதி திரட்ட வாசித்தார். வந்திருந்தோரில் பலருக்கு நடனத்தில்தான் நாட்டம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதுவே அவர் ஏறிய இறுதி மேடை.

1849 அக்டோபர் 17-ஆம் நாள், 39 வயதில், பாரிசில் மறைந்தார். உடல் அங்கேயே அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் தமக்கை லுட்விகா வார்சாவுக்குக் கொண்டு சென்றார். அவருக்கு வந்தது வேறு நுரையீரல் நோயோ என்று மருத்துவர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 2014-இல் அவ்விதயத்தைக் கண்ணாடிச் சாடியைத் திறக்காமலே ஆராய்ந்த அறிஞர்கள், நாள்பட்ட காசநோயே பெரிதும் பொருந்துகிறது என்று 2017-இல் எழுதினர்.

ராபர்ட் காக் அக்கிருமியைக் கண்டறிந்தது 1882-இல். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்தது 1940-களில். ஷோப்பினுக்கு இரண்டும் கிட்டவில்லை. இன்று முறையாக மருந்து உண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆனால், கட்டிலை எரிக்கச் சொன்ன அந்த மனத்துக்கு மருந்து எந்த ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும்? அதை நாம்தான் கண்டறிய வேண்டும்.

நண்பர்களே! வகுப்பில் எழுந்து பேசத் தயங்கும் என்போன்றோர் இங்கே பலர் உண்டு. நம் குரல் மெல்லியதாக இருக்கலாம். அதனாலேயே அது கேட்கத் தகாதது ஆகிவிடாது. ஷோப்பினின் வாழ்வு நமக்குச் சொல்வது அதுவே.