பண்ணைப்புரத்து அண்ணன்: இளையராஜாவுக்கு முன்னாடி ஒரு பாவலர்!

திண்டிவனத்துல பஸ் ஏறி விழுப்புரத்துல இறங்குறதுக்குள்ள ரெண்டு இளையராஜா பாட்டாவது காதுல விழுந்துடும். அந்த ராஜாவுக்கே மேடையைப் பழக்கியவர் யார் தெரியுமா? அவரோட அண்ணன், பாவலர் வரதராஜன்.

தேனி பக்கம் பண்ணைப்புரம்தான் சொந்த ஊர். வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். பாட்டு எழுதுவார், ஆர்மோனியத்தோட மேடையேறிப் பாடவும் செய்வார். தம்பிகள் அந்தப் பெட்டியைத் தொட்டா அடிதான்!

அவர்கிட்ட ஒரு டெக்னிக் இருந்தது. நாட்டுப்புற மெட்டு மட்டும் போதாதுன்னு, ஜனங்க முணுமுணுக்கிற ஹிட் சினிமா மெட்டுகளையும் எடுத்துக்குவார். காதல் வரிகள் இருந்த இடத்துல கூலி, பசி, விலைவாசின்னு கட்சி வரிகள் வந்து உட்காரும். மெட்டு ஏற்கெனவே தெரிஞ்சது என்பதால, கூட்டம் கலையும்போதே பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும்.

இது எவ்வளவு தூரம் எடுபட்டதுன்னா, 1958 தேவிகுளம் இடைத்தேர்தலைச் சொல்லலாம். கேரளத்தில் இ.எம்.எஸ். ஆட்சிக்கு மெலிசான பெரும்பான்மைதான். ஒவ்வொரு சீட்டும் முக்கியம். தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். அவங்க மத்தியில் பாவலர் பாடிப் பிரசாரம் பண்ணினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயிச்சார்.

பிறகு தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் குழுவில் சேர்ந்தாங்க. பெண் குரல் வேணும்னா, குரல் உடையாத சிறுவன் ராசய்யாதான் பாடுவார். ஊர் ஊரா சுத்தின அந்த மேடைகள்தான் அவங்களுக்கு மியூசிக் காலேஜ். 60-களின் கடைசியில் தம்பிகள் சினிமா வாய்ப்பு தேடி சென்னைக்குக் கிளம்பினாங்க.

1973-ல பாவலர் காலமானார். அடுத்த மூணே வருஷத்துல, 1976-ல, 'அன்னக்கிளி' வந்தது. ராசய்யா இளையராஜா ஆனார். அமர்சிங் கங்கை அமரன் ஆனார். அண்ணன் சினிமா மெட்டைக் கிராமத்து மேடைக்குக் கொண்டுபோனார். தம்பி கிராமத்து மெட்டை கிடார், வயலின்களோட சினிமாவுக்குக் கொண்டுவந்தார். பாதை ஒண்ணுதான், திசைதான் வேற.

அந்த வெற்றியைப் பார்க்க பாவலர் இல்லை. ஆனா தம்பிகள் மறக்கலை. 1981-ல வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தோட டைட்டிலைக் கவனிச்சுப் பாருங்க. தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், பாவலர் கிரியேஷன்ஸ்!