'முருகன்' என்று சொல்லாமலே முருகனைப் பாடியவர்! யார் இந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர்?

அஞ்சு எழுத்து ஆங்கில வார்த்தை. மூணாவது எழுத்து ஏ, கடைசி எழுத்து ஈ. ஆறு முயற்சிக்குள்ள கண்டுபிடிக்கணும். 2021-ல் வந்த வேர்டில் விளையாட்டு இன்னும் பலரோட மொபைலில் ஓடிக்கிட்டுதான் இருக்கு. வார்த்தை சிக்கலைன்னா நேரா கூகுளில் போய்த் தேடுறவங்களும் நிறைய.

இதே மாதிரி எழுத்துக் கணக்கு விளையாட்டை, தோற்றால் அடிமைன்னு பந்தயம் கட்டி ஆடி ஜெயிச்ச ஒருத்தர் தமிழ்நாட்டில் இருந்தார். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர்.

யார் இவர்?

காஞ்சிபுரத்து வீரசைவக் குடும்பம். அப்பா குமாரசுவாமி தேசிகர். தம்பிகள் வேலையர், கருணைப்பிரகாசர், தங்கை ஞானாம்பிகை. சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். துறைமங்கலத்தில் அண்ணாமலை ரெட்டியார் என்ற வள்ளல் ஆதரித்ததால் அந்த ஊர்ப் பெயர் இவரோடு ஒட்டிக்கொண்டது.

இலக்கணம் படிக்க ஆசைப்பட்டு திருநெல்வேலி பக்கம் சிந்துபூந்துறைக்குப் போனார். அங்கே வெள்ளியம்பலவாணத் தம்பிரான் இவருக்கு ஒரு நுழைவுத் தேர்வு வைத்ததாக வரலாறு. வெண்பா 'கு'வில் தொடங்கணும், 'கு'வில் முடியணும், நடுவில் 'ஊருடையான்' என்ற சொல் வரணும். உடனே பாடிவிட்டார். சேர்த்துக்கொண்டார் தம்பிரான்.

பந்தயம் என்ன?

படிப்பு முடிந்ததும் கையிலிருந்த பொன்னை குருவிடம் காணிக்கையாக நீட்டினார். தம்பிரான் வாங்கவில்லை. திருச்செந்தூரில் ஒரு புலவர் தன்னை இகழ்ந்து பேசுகிறார், அவரை வென்று வா, அதுதான் காணிக்கை என்றார்.

திருச்செந்தூரில் இருவரும் மோதினார்கள். நிரோட்டக யமக அந்தாதி பாடணும். தோற்றவர் ஜெயித்தவருக்கு அடிமை.

நிரோட்டகம்னா உதடு ஒட்டாத, குவியாத பாட்டு. ப, ம, வ வரவே கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஓசையும் கூடாது. யமகம்னா ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் அதே எழுத்துகள் திரும்ப வரணும், ஆனால் பொருள் வேற வேற. அந்தாதின்னா ஒரு பாட்டின் முடிவில் அடுத்த பாட்டு தொடங்கணும். பாடிய யாப்பு கட்டளைக் கலித்துறை. அதில் அடிக்கு இத்தனை எழுத்துன்னே கணக்கு உண்டு: புள்ளி எழுத்தை விட்டுவிட்டு 16 அல்லது 17.

எவ்வளவு கஷ்டம்?

நீங்களே கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க. திருச்செந்தூர் முருகனைப் பாடணும், ஆனால் 'முருகன்' சொல்ல முடியாது. குமரன், வேலன், சரவணன், சண்முகன் எதுவும் கிடையாது. வேல், மயில், சேவல், வள்ளி, தெய்வானை எல்லாம் போச்சு. 'திருச்செந்தூர்' என்ற ஊர்ப் பெயரே தேறாது. மிஞ்சுவது கந்தன், சேந்தன், செந்தில் போன்ற சில பெயர்கள்தான்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு சுவாரசியம். 'காங்கேயம்' கடைசி 'ம்'மில் உதடு மூடிவிடும், அவுட். ஆனால் முருகனுக்கு இன்னொரு பெயரான 'காங்கேயன்' தாராளமாகத் தேறும்! கோவை, ஈரோடு, திருப்பூர், தாராபுரம், கரூர், பழனி ஒண்ணும் தேறாது. சத்தியமங்கலத்தை 'சத்தி'ன்னு சுருக்கிச் சொன்னால் மட்டும் தப்பிக்கலாம்.

பெயர்ச்சொல்லோட போகிற பிரச்சினையும் இல்லை. 'அவனுக்கு', 'எனக்கு' என்று முடியும் 'கு' போச்சு. 'அதுவும் இதுவும்' என்று சேர்க்கிற 'உம்' போச்சு. அது, இது என்று உகரத்தில் முடியும் சொற்களை எல்லாம் 'அதில்லை' என்பதுபோல அடுத்த சொல்லோடு சேர்த்துக் கரைக்கணும்.

திருக்குறளில் 341ஆம் குறளை உதடு ஒட்டாத குறள்னு சொல்வாங்க. உண்மைதான், ஆனால் அதில் ஓர் ஓகாரம் வருது, அங்கே உதடு குவியும். சிவப்பிரகாசருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. காஞ்சியில் வாழ்ந்த வடமொழிக் கவி தண்டியும் இந்த வித்தையைச் செய்திருக்கிறார். காதலி கடித்ததில் உதடு புண்ணான ஒருவன், உதடு ஒட்டும் எழுத்தே இல்லாமல் கதை சொல்வான். அமெரிக்காவில் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939-ல் 'ஈ' என்ற எழுத்தே இல்லாமல் 'கேட்ஸ்பி' என்ற நாவலை வெளியிட்டார். அவர் விட்டது ஒரே எழுத்து.

யார் ஜெயித்தது?

எதிராளி திணறி நிற்க, சிவப்பிரகாசர் பாடி முடித்தார். 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' இன்றும் கிடைக்கிறது. தோற்ற புலவரைத் தனக்கு அடிமையாக வைத்துக்கொள்ளாமல், சிந்துபூந்துறைக்கு அழைத்துப்போய் குருவின் முன் நிறுத்தினார். காணிக்கை செலுத்தியாச்சு.

வெறும் எழுத்து வித்தைக்காரர்னு இவரை ஒதுக்கிவிட முடியாது. நாற்பது வெண்பா கொண்ட 'நன்னெறி' இவருடையதுதான். கன்னடத்திலிருந்து 'பிரபுலிங்க லீலை'யைத் தமிழில் தந்தார். திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தபடி 'சோணசைல மாலை' பாடினார் என்பார்கள். வீரமாமுனிவரோடு வாதாடினார் என்றும் ஒரு கதை உண்டு. ஆனால் வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காலம் இடிக்குது.

கொங்கு நாட்டுக்கும் இவருக்கும் என்ன உறவு?

தங்கை ஞானாம்பிகையை மணந்தவர் சாந்தலிங்க சுவாமிகள். கோவை பேரூரில் திருமடமும் தமிழ்க் கல்லூரியும் இருக்கே, அந்தச் சாந்தலிங்கர்தான். ஆக, சிவப்பிரகாசர் பேரூருக்கு மச்சான் முறை!

சிவப்பிரகாசர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் புதுச்சேரி பக்கம் நல்லாற்றூரில் தங்கினார். அங்கேயே இறந்தார். அப்போது வயது 32.